அங்கோலா சிறைக்குள் ரோடியோ: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பேட்டன்ரூஜ்வாசி:
அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்கு வேலை மாறி வந்த புதிதில், அக்டோபர் ஞாயிறுகளில் அங்கோலா என்ற மாநிலச் சிறைக்குள்ளேயே ரோடியோ, அதாவது காளை, குதிரைகளை அடக்கும் விளையாட்டு, நடக்கும், டிக்கெட் வாங்கி யாரும் போகலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வீட்டம்மாவோடு கிளம்பிவிட்டேன். உள்ளே திருவிழாக் கூட்டம். கோடு போட்ட சட்டையில் நான்கு கைதிகள் மைதான நடுவில் மேசை போட்டுச் சீட்டாடுவது போல உட்கார, காளையை அவிழ்த்து விடுகிறார்கள். கடைசிவரை நாற்காலியை விட்டு எழாதவருக்குப் பரிசு. ஜல்லிக்கட்டு பார்த்து வளர்ந்த எனக்கே வயிற்றைக் கலக்கியது. அவர்களாகத்தான் பேர் கொடுக்கிறார்களாம். மணிக்குச் சில சென்ட் கூலி வாங்குபவனுக்கு அந்தப் பரிசுப்பணம் எவ்வளவு பெரியது!

இடம் 18,000 ஏக்கர், மூன்று பக்கமும் மிசிசிப்பி ஆறு. முன்பு அடிமைகளை வைத்துப் பயிர் செய்த பண்ணை. பெயர்கூட அவர்களைப் பிடித்துவந்த ஆப்பிரிக்கப் பகுதியின் பெயர்தான். உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், இன்றும் வயல் வேலை நடக்கிறது. அடிமைமுறையை ஒழித்த 1865ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தமே ‘குற்றத்துக்குத் தண்டனையாக அல்லாமல்’ என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறது, அதாவது கைதிகளைக் கட்டாய வேலை வாங்கத் தடையில்லை.

கைவினைச் சந்தையில், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு பெரியவர் தோல் பெல்ட் விற்றார். பூவேலைப்பாடு அவ்வளவு நேர்த்தி. எத்தனை வருஷம் என்று வீட்டம்மா கேட்டுவிட்டாள். “ஆயுள். பத்துப் பேர் குற்றவாளி என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள்” என்றார், பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டே. குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுதான் ஜூரி; அதில் 12 பேரும் ஒத்துப்போக வேண்டாமா? வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். வெள்ளையர் ஆதிக்கத்தை நிலைநாட்டத்தான் கூடியிருக்கிறோம் என்று வெளிப்படையாகவே பேசிய, 1898இல் லூசியானாவின் அரசியலமைப்பை எழுதக் கூடிய மாநாடு கொண்டுவந்தது, எல்லோரும் ஒத்துப்போகாமலேயே தண்டிக்கலாம் என்ற அந்த விதி. ஜூரியில் ஓரிரு கறுப்பர் நுழைந்தாலும் அவர்கள் ஓட்டு செல்லுபடியாகக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. 2018இல் மக்கள் வாக்களித்து அதை நீக்கினார்கள். 2020இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லாது என்றது. ஆனால் மேல்முறையீடெல்லாம் முடிந்த பழைய வழக்குகளுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது என்று மறு வருஷமே சொல்லிவிட்டது.

டல்லாஸ் கடைக்காரன்:
அண்ணா, படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பெட்ரோல் பங்க் கடையில் துப்பாக்கியைக் காட்டிக் கல்லாவைக் காலி செய்தவனை எங்கே வைப்பது? ஏற்கெனவே இரண்டு முறை உள்ளே போய் வந்தவன். இதையெல்லாம் காட்டிச் சிறையே வேண்டாம் என்று சிலர் பேசுகிறார்கள்; அவர்கள் ஒரு ராத்திரி ஷிஃப்ட் என் கல்லாவில் நின்று பார்க்கட்டும்.

சிகாகோ அக்கா:
கேட்பது நியாயம்தான் தம்பி. என் மகனோடு படித்த ஒரு கறுப்பினப் பையனைத் திருட்டு வழக்கில் பிடித்தார்கள். ஜாமீன் தொகையில் பத்தில் ஒரு பங்கு கட்டினால் வெளியே வரலாம். அவன் அம்மாவால் முடியவில்லை. மாதக்கணக்கில் உள்ளே கிடந்தான், வேலை போயிற்று, அப்புறம் வழக்கே தள்ளுபடி. வசதியான வீட்டுப் பையன் என்றால் அன்று சாயங்காலமே வீட்டில் இருப்பான். இல்லினாய் 2023 செப்டம்பரில் பண ஜாமீனையே எடுத்துவிட்டது, அதைச் செய்த முதல் மாநிலம். சிறை ஒழிப்பு பேசும் ஏஞ்சலா டேவிஸ், ரூத் வில்சன் கில்மோர் போன்றவர்கள் நாளைக்கே கதவைத் திறந்துவிடச் சொல்லவில்லை. உள்ளே தள்ளுகிற வழிகளை ஒவ்வொன்றாக அடையுங்கள், அந்தப் பணத்தைப் பள்ளிக்கும் வீட்டுக்கும் மனநல வைத்தியத்துக்கும் போடுங்கள் என்கிறார்கள். துப்பாக்கிக்காரனை என்ன செய்வது என்பதற்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை. ஆனால் இரண்டு முறை உள்ளே போனவன் மூன்றாவதாக உன் கடைக்குத் துப்பாக்கியோடு வந்தான் என்றால், அந்த இரண்டு முறையும் சிறை அவனை என்ன செய்தது?

டல்லாஸ் கடைக்காரன்:
அதை நானும் யோசித்திருக்கிறேன் அக்கா. கல்லாவுக்குக் குண்டு துளைக்காத கண்ணாடியும் போட்டாயிற்று.