பணிக்கும் பொழுதுபோக்குக்கும் ஒரே மடிக்கணினி போதுமா?

நள்ளிரவு நிரலாளர் கேட்டது:

வணக்கம். ஏழு ஆண்டுகளாக என் பணியும் பொழுதுபோக்கும் ஒரே மடிக்கணினியில்தான் நடக்கின்றன. அதில் நான்கு கருக்கள் கொண்ட செயலியும் 8 ஜி.பி. நினைவகமும் உள்ளன, இயங்குதளம் உபுண்டு. பகலில் சி++ மொழியில் எழுதப்பட்ட பெரிய திட்டம் ஒன்றை விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற நிரல் எழுதும் மென்பொருளில் திருத்தி, நிஞ்சா என்ற கருவியைக் கொண்டு தொகுக்கிறேன், அதாவது இயங்கும் நிரலாக மாற்றுகிறேன். இரவில் விளையாட்டு, இசை, எனக்காக எழுதிக்கொள்ளும் சிறு நிரல்கள். அண்மைக்காலமாக முழுத் திட்டத்தையும் தொகுக்கத் தொடங்கினால் சுட்டிக்குறி நகர்வதற்கே சில நொடிகள் ஆகின்றன. அந்த நேரத்தில் உலாவியைத் திறக்கவே அஞ்சுகிறேன். புதிய கணினி வாங்குவதா, பணிக்கு ஒன்று விளையாட்டுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்வதா? உங்கள் ஏற்பாடு எப்படி என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கருமுனையம் எழுதியது:

சுட்டிக்குறியே தயங்கித் தயங்கி நகர்கிறது என்றால் எனக்கு முதலில் நினைவகத்தின் மீதுதான் ஐயம் எழுகிறது. செயலி முழு வேகத்தில் உழைத்தாலும் லினக்ஸ் மற்ற நிரல்களுக்கும் முறை வைத்து நேரம் கொடுத்துவிடும். ஆனால் நினைவகம் தீர்ந்துபோய், அதன் பக்கங்களை (தரவுத் துண்டுகளை) வட்டில் ஒதுக்கிய ஸ்வாப் பகுதியில் எழுதுவதும் திரும்பப் படிப்பதுமாக ஆகிவிட்டால், முறை வந்த நிரலும் தன் பக்கம் வந்து சேரும்வரை காத்துக்கிடக்க வேண்டியதுதான். டெம்ப்ளேட்டுகள் (பல தரவு வகைகளுக்கும் பொதுவாக எழுதும் வார்ப்புகள்) மிகுந்த ஒற்றை சி++ கோப்பைத் தொகுக்கவே ஒரு ஜி.பி.க்கு மேல் தேவைப்படக்கூடும். நிஞ்சாவோ, நீங்கள் எண்ணிக்கை குறிப்பிடாவிட்டால், நான்கு கருக்களுக்கு ஆறு பணிகளை ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். பின்னணியில், எழுதும்போதே பிழைகளையும் பரிந்துரைகளையும் காட்டும் கிளாங்டி தன் பங்குக்கு நினைவகத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

எனவே தொகுப்பு ஓடும்போது இன்னொரு முனையத்தில், நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் ஹெச்டாப்பைத் திறந்து ஸ்வாப் பட்டையைக் கவனியுங்கள். அது நிறைந்துகொண்டே போனால், ஒரே நேரத்தில் ஓடும் பணிகளை இரண்டாகக் குறையுங்கள். ஆறு பேர் நெருக்கியடித்து நிற்பதைவிட இருவர் தடையின்றி நடப்பது இங்கே விரைவாக முடியும். சிசேஷ் என்ற கருவியையும் நிறுவிக்கொள்ளுங்கள். நிரலின் பதிப்புகளைப் பேணும் கிட்டில் ஒரு கிளையிலிருந்து (தனிப் பதிப்பிலிருந்து) இன்னொன்றுக்கு மாறித் திரும்பும்போது, முன்பே தொகுத்த கோப்பின் விளைவை அது சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். நினைவகத்தைக் கூட்ட உங்கள் மடிக்கணினியில் இடமிருக்கிறதா என்று பார்த்த பிறகு புதியது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

இரட்டைப்பெட்டி எழுதியது:

நான் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பவன். ஆனால் வேகத்துக்காகப் பிரிக்கவில்லை. பணிக் கணினியில் நிறுவனத்தின் மூலநிரலும் வழங்கிகளுக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்.எஸ்.ஹெச். சாவிகளும் இருக்கின்றன. எங்கிருந்தோ இறக்கிய விளையாட்டுத் திருத்தக் கோப்பையும் அவற்றையும் ஒரே பயனர் கணக்கில் வைத்திருந்த காலத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. இரண்டாவது கணினி இயலாதவர்கள் தனிப் பயனர் கணக்கையாவது உருவாக்கி, பணிக் கணக்கின் கோப்புறையை மற்றது படிக்க முடியாதபடி அனுமதிகளை அமைத்துக்கொள்வது நல்லது.

விளையாட்டுக்காக விண்டோஸ் வேண்டும் என்ற நிலை பெரும்பாலும் மாறிவிட்டது. வால்வ் நிறுவனம் 2018இல் புரோட்டான் என்ற இணக்க மென்பொருளை வெளியிட்ட பிறகு, விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளில் பெரும்பகுதி லினக்ஸிலேயே ஓடுகின்றன. 2022இல் வந்த அதன் கையடக்க விளையாட்டுக் கணினியான ஸ்டீம் டெக்கின் இயங்குதளமும் ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டதுதான். இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குள் ஏமாற்றுத் தடுப்பு நிரலைப் பொருத்தும் இணைய விளையாட்டுகள் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கின்றன.

பிரிப்பதென்று முடிவு செய்தால், திரையில்லாத மேசைக்கணினி ஒன்றை ஓரமாக வைத்து, பழைய மடிக்கணினியிலிருந்து எஸ்.எஸ்.ஹெச். வழியாக அதில் தொகுக்கலாம். இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடரவைக்கும் டீமக்ஸுக்குள் தொடங்கிய தொகுப்பு, மடிக்கணினியை மூடினாலும் அங்கே தொடர்ந்து ஓடும். விஷுவல் ஸ்டுடியோ கோடும் இவ்வாறு தொலைவிலிருந்து திருத்த இடமளிக்கிறது. நான் முனையத்திலேயே ஓடும் விம் என்ற திருத்தியில் பழகிவிட்டதால் அது எனக்குத் தேவைப்படவில்லை.

தூசித்துணி எழுதியது:

ஏழு ஆண்டுகளில் ஒருமுறையாவது விசிறியைத் துடைத்தீர்களா? தூசி அடைத்துக்கொண்டால் செயலி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எந்தக் கணினியையும் நான் முதலில் திருகாணி கழற்றித்தான் விசாரிப்பேன்.

பழுப்புவிசை எழுதியது:

செலவு செய்வதென்று மனம் துணிந்துவிட்டால், கையும் கண்ணும் நாள் முழுதும் படுகிற பொருள்களுக்குச் செய்யுங்கள் என்பேன். 24 அங்குல முழு எச்.டி. திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 படப்புள்ளிகள்தான். 27 அங்குல 4கே திரையில் அது 163 ஆகிறது. சிறிய எழுத்துகளை மணிக்கணக்கில் படிப்பவருக்கு இந்த வேறுபாடு முதல் நாளே புலப்படும். விசைப்பலகையில் க்யூ.எம்.கே. மென்பொருள் ஓடுமானால், நீங்கள் மாற்றியமைத்த விசைகள் விசைப்பலகைக்குள்ளேயே பதிந்திருக்கும். எந்தக் கணினியில் செருகினாலும் அதே அமைப்பு கிடைக்கும். ஒலியெழுப்பும் நீல விசைகளை மட்டும், அருகில் எவரும் அமர்ந்திருந்தால், தவிர்த்துவிடுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

நள்ளிரவு நிரலாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஹெச்டாப்பில் ஸ்வாப் பட்டை முழுவதும் நிறைந்திருந்தது. பணிகளை இரண்டாகக் குறைத்ததும் சுட்டிக்குறி தடையின்றி நகர்கிறது. தொகுப்பும் முன்பைவிட விரைவாக முடிகிறது. திறந்து பார்த்ததில் நினைவகத்துக்குக் காலியான இடம் ஒன்று இருப்பதும் விசிறியில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி இருப்பதும் தெரிந்தன. இன்னொரு 8 ஜி.பி. சேர்க்கப் போகிறேன். பணிக்குத் தனிப் பயனர் கணக்கை இன்றே உருவாக்கிவிட்டேன். அந்தக் கணக்கில் விளையாட்டு எதுவும் இல்லாததால் மாலையில் கை பழக்கதோஷத்தில் அதைத் தேடுகிறது என்பதைத் தவிர வேறு தொல்லை இல்லை.