கோஸ்டல் ஸ்க்வீஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

> "கரையோரச் சுருக்கம்" போதும் என்பது என் கருத்து. பள்ளி மாணவருக்கும் எளிதில் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். புதுச்சேரியில் துறைமுகத் தடுப்புக்கு வடக்கே மணல் வந்து சேராமல் கடற்கரை காணாமற்போனதும் சுருக்கம்தான். அதற்குக் கடலரிப்பு என்ற சொல் இருக்கிறது. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. கடல்மட்டம் உயர உயர அலையாத்திக் காடு நிலத்தின் பக்கம் நகரப் பார்க்கிறது. பின்னால் கரைகட்டோ இறால் குட்டையோ சாலையோ மறிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு காடு குறுகிப்போகிறது; அதைத்தான் ஆங்கிலத்தில் கோஸ்டல் ஸ்க்வீஸ் என்கிறார்கள்.

பிச்சாவரத்தைப் பாருங்கள். வாய்க்காலோரம் சுரபுன்னை, அதற்குப் பின்னால் வெண்கண்டல், மேட்டுப் பக்கம் தில்லையும் உமரியும். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றைத் துளைத்துக்கொண்டு மேல்நோக்கி நிற்கும்; ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்றம்) வற்றும்போது அவை காற்று வாங்கியாக வேண்டும். நீர் வடியாமலே நின்றால் மரம் மூச்சுமுட்டிச் சாகும். அதனால் ஒவ்வோர் இனமும் ஒரு படி பின்னுக்குப் போக வேண்டும். வரிசையின் கடைசியில் நிற்கும் தில்லைக்கும் உமரிக்கும்தான் போக இடமில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற தன் பெயரைத் தந்த மரம் தில்லை. அதைக் காட்டோடு பார்க்க இன்று பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 2022-இல் அந்தக் காடு ராம்சர் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது நல்ல செய்திதான். ஆனால் எல்லைக்குள் மட்டும் காவல் காத்தால் போதாது, எல்லைக்கு வெளியே நிலம் விட வேண்டும்.

ஆகவே சொல்லுக்குள் நெருக்குகிறவனும் இருக்க வேண்டும். "ஒடுக்கம்" வேதியியல் பாடநூலுக்குப் போய்விட்டது. தவிர, ஒடுங்குவது தானாகவும் நடக்கும். "இறுக்கம்" என்றால் மனம்தான் நினைவுக்கு வருகிறது. என் பரிந்துரை "கரையோர நெருக்கு". நெருக்கும் கரைகட்டு, நெருக்குண்ட காடு என்று இரு பக்கமும் எழுத வரும்.

> பேச்சு வழக்குபோல் இருக்கிறதே! "நெருக்கடி" என்றால் என்ன?

குடிநீர், நிதி, அரசியல் என எல்லாவற்றுக்கும் நெருக்கடி வந்தாயிற்று, அம்மா. எதற்கும் பொருந்துகிற சொல் கலைச்சொல்லாகாது. பேச்சு வழக்காக இருப்பதில் எனக்குக் குறை தெரியவில்லை.

நெருக்கு நிலைத்தால் அதற்கு இணையாக இன்னொன்றும் வேண்டும்: காடு நகர்ந்து வருவதற்கென்று நாம் விட்டுவைக்கும் நிலம். "விடுநிலம்" என்று முன்வைக்கிறேன். "தரிசு" என்று மட்டும் யாரும் எழுதிவிட வேண்டாம். எழுதினால் அடுத்த வாரமே அங்கே இறால் குட்டை வெட்டிவிடுவார்கள்.