புதுப்பிப்பு: அப்பாவின் பயாப்ஸி ரிசல்ட்

போன மாசம் இங்கே புலம்பியிருந்தேன். அப்பாவுக்கு வயசு 68, ராத்திரி நாலஞ்சு தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிறார், ரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) 7.2, புராஸ்டேட் வீக்கம் கேன்சராக மாறிடுமா என்று. பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது. கேன்சர் இல்லை, வயசு வீக்கம்தான்.

டாக்டர் சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஒரு ஓட்டை வரைந்தார். வட்டம்தான் புராஸ்டேட் சுரப்பி, ஓட்டைதான் சிறுநீர்க் குழாய். வயசானால் அதை ஒட்டிய உள்பகுதி வீங்கிக் குழாயை நெருக்கும்; சொட்டுச் சொட்டாகப் போவது அதனால்தான். கேன்சர் பெரும்பாலும் வெளி ஓரத்தில் வரும், ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் இருக்காது. ஒன்று இன்னொன்றாக மாறாது. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம், பிஎஸ்ஏவும் இரண்டிலுமே ஏறும். இது தெரியாமல்தான் மூணு நாள் தூங்காமல் கூகுளைக் குடைந்தேன்!

“ஆபரேஷன் பண்ணிட்டா அப்புறம் கேன்சர் பயமே இல்லை” என்று மாமா சொன்னதை அன்றைக்கு எழுதியிருந்தேன். அது தப்பு. வீக்கத்துக்கான ஆபரேஷனில் உள்பகுதியைத்தான் சுரண்டி எடுப்பார்கள், வெளி ஓரம் அப்படியே இருக்கும்.

இப்போதைக்கு டாம்சுலோசின், பினாஸ்டிரைடு மாத்திரைகள். பினாஸ்டிரைடு ஆறு மாசம், ஒரு வருஷத்தில் பிஎஸ்ஏவை ஏறக்குறைய பாதியாக்கிவிடுமாம். அப்போது 3 என்று வந்தால் 6 என்று கணக்கு. வேறு டாக்டரிடம் போனால் இதை மறக்காமல் சொல்லணும்.

நேற்று ராத்திரி அப்பா ஒரு தடவைதான் எழுந்தார். பாத்ரூம் லைட்டை வழக்கம்போல் அணைக்கவில்லை.