குழந்தையைக் கவனித்து எழுதுவது: பயிற்சியில் பார்த்ததைச் சொல்லுங்கள்

மதுரை, முன்பருவக் கல்வி டிப்ளமோ இரண்டாம் ஆண்டு

பாட்டு, கதை, களிமண் வேலை எல்லாம் சொல்லிக்கொடுத்துப் பழகிவிடலாம். குழந்தையைக் கவனித்து எழுதும் ரெக்கார்டு நோட்டுதான் எங்கள் வகுப்பில் எல்லோரையும் திணறடிக்கிறது. நீங்கள் எல்லோரும் இதை எப்படிச் செய்தீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இதை ஆரம்பிக்கிறேன். முதலில் என் அனுபவம்.

எங்கள் மேடம் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்வார். இடது பக்கம் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும். வலது பக்கம் அதிலிருந்து நாம் புரிந்துகொண்டது. வலது பக்கத்தை அன்று மாலைதான் எழுத வேண்டும். மூன்றரை வயதுக் குழந்தை ஒன்றைப் பற்றி நான் எழுதிய இடது பக்கத்தை அப்படியே தருகிறேன்:

"காலை 10.20. குழாயடி. ஒரு வாளி, இரண்டு டம்ளர். வலது கையால் சின்ன டம்ளரில் தண்ணீர் மொண்டு பெரியதில் ஊற்றுகிறாள். நிரம்பவில்லை. உள்ளே எட்டிப் பார்க்கிறாள். மறுபடி மொண்டு ஊற்றுகிறாள். வழிகிறது. தரையைப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள். ஆயாம்மா 'உள்ள வா' என்று கூப்பிடுகிறார். திரும்பவில்லை. பெரிய டம்ளரை வாளியில் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறாள். இந்த முறை இரண்டாவது தடவை ஊற்றும்போது பாதியில் நிறுத்திவிடுகிறாள்."

இந்தக் குழந்தையின் பழைய அட்டையில் இருந்தது ஒரே வரி: 'சொன்ன பேச்சு கேட்பதில்லை.' கூப்பிட்டதும் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு ஊற்றினால் வழியும் என்று தானே கண்டுபிடித்து, அடுத்த முறை கையை நிறுத்திய குழந்தை அது. அளவு பற்றிய அறிவு, கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்வது, விடாமல் முயல்வது என்று வலது பக்கத்தில் எழுத எவ்வளவோ இருந்தது.

இன்னொரு குழந்தை, நான்கு வயது. செக்லிஸ்டில் மொழி வளர்ச்சிப் பகுதி முழுக்கக் காலி. பெயர் சொல்லவில்லை, படம் பார்த்துப் பேசவில்லை, வட்டத்தில் உட்கார்ந்தால் வாயே திறப்பதில்லை. மதியம் அதே வளாகத்திலுள்ள பள்ளியிலிருந்து அக்கா வந்தாள். அவ்வளவுதான், இவள் மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்துவிட்டாள்! விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக் காட்டினாள். அக்கா சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். இருவரும் பேசியது சௌராஷ்டிரம். மதுரைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சாயங்காலம் கூட்டிப்போக வந்த பாட்டியிடம் கேட்டேன். 'வீட்டுல இவ வாயை மூட முடியலம்மா' என்றார். மொழி வளர்ச்சி என்ற கட்டத்தில் டிக் போடும் முன், எந்த மொழியில் என்று கேட்க அந்தத் தாளில் இடமே இல்லை. வீட்டு மொழிக்கு ஒரு வரி எல்லாப் படிவங்களிலும் கட்டாயம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தேனிப் பக்கம், அங்கன்வாடிப் பணியாளர்

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் தங்கச்சி. உங்களைப் போல ஒரு குழந்தையை மட்டும் உட்கார்ந்து பார்க்க எங்களுக்கு வாய்ப்பில்லை. எடை, உயரம், சத்துமாவு, வருகை எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு, அதோடு செல்போனிலும் ஏற்ற வேண்டும். அதற்கு நடுவில்தான் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டமும் மதிப்பீட்டு அட்டையும். அட்டையை மாதக் கடைசியில் ஞாபகத்திலிருந்து நிரப்பினால் எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரிதான் தெரியும். நான் செய்வது இதுதான்: காலண்டர் தாளைக் கிழித்து வைத்திருப்பேன். கண்ணில் பட்டதை இரண்டு வார்த்தையில் கிறுக்கிக்கொள்வேன். 'மணி கோர்த்தான், 6', 'செருப்பு தானே மாட்டினாள், கால் மாறி' இப்படி. பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் பெயரும் தேதியும் போட்டு நோட்டுக்கு மாற்றிவிடுவேன். தேதி ரொம்ப முக்கியம். இந்த வயதில் இரண்டு மாதம் என்பது பெரிய காலம்.

ஒவ்வொரு குழந்தையின் கிறுக்கலையும் மாதம் ஒன்று எடுத்து வையுங்கள். ஆரம்பத்தில் கிரேயானை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துத் தோளிலிருந்து இழுப்பார்கள். போகப்போக விரல்களுக்கு வரும். மூன்று வயதுவாக்கில் வட்டத்தைப் பார்த்து வரைவார்கள், நான்கு வாக்கில் கூட்டல் குறி, சதுரம் அதற்கும் அப்புறம். கோடு சாய்ந்து போகிற குழந்தையிடம் 'அ' எழுது என்று கையைப் பிடித்து அழுத்துவது வீண் வேலை. அம்மாக்கள் 'பக்கத்து ஸ்கூல்ல ஏ பி சி டி எழுதுறாங்களே' என்பார்கள். அப்போது இந்தத் தாள்களை வரிசையாக விரித்துக் காட்டுவேன். எந்த விளக்கமும் தேவைப்படாது.

சென்னை, மாண்டிசோரி பயிற்சி

எங்கள் பயிற்சியில் மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்த்திவிடுவார்கள். பேசக்கூடாது, உதவக்கூடாது, குழந்தை நம்மைப் பார்த்தால் புன்னகைத்துவிட்டு நோட்டைப் பார்க்க வேண்டும். மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குழந்தையை வழிநடத்தும் முன் கவனி என்பது அவர் முறையின் அடித்தளம்.

நான் பார்த்த ஒரு பையன் எந்த வேலையும் எடுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்னொரு குழந்தை பட்டன் போட்டுப் பழகும் மரச்சட்டத்தில் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். விரல்கள் மட்டும் அசைந்தன. சும்மா நிற்கிறான் என்று யாரும் எழுதிவிடுவார்கள். ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் குழந்தைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோது, இப்படி வேடிக்கை பார்ப்பதற்கும் தனி வகை கொடுத்திருக்கிறார். சில நாள் கழித்து அந்தப் பையன் அதே சட்டத்தை எடுத்துவந்து நேராக மேல் பட்டனிலிருந்து தொடங்கினான். யாரும் அவனுக்குச் செய்துகாட்டவில்லை.

2022-இல் வந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பும், 3 முதல் 6 வயதுவரை தேர்வு வைப்பது பொருந்தாது, கவனிப்பும் குழந்தையின் படைப்புகளும்தான் மதிப்பீட்டுக்கு வழி என்கிறது. ஆனாலும் எல்கேஜிக்கு ரேங்க் கார்டு அச்சடிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. எனக்கு இது மிகுந்த வருத்தம்.

மதுரை

தேனி அக்கா, காலண்டர் தாள் யோசனையை நாளையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். ஒரு குழந்தை பின்தங்குவதுபோல் தெரிந்தால் காத்திருப்பது எதுவரை? எப்போது பெற்றோரிடம் சொல்ல வேண்டும்?

தேனிப் பக்கம்

நல்ல கேள்வி. வளர்ச்சிக்கு ஒரே தேதி கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்கில் தனியாக நடப்பதற்கே 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம்வரை இடைவெளி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை, முன்பு பேசிய வார்த்தைகள் மறைந்துபோகின்றன, கண்ணைப் பார்ப்பதே இல்லை என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் குழாயடிக் குழந்தைகூட ஆயாம்மா கூப்பிட்டபோது திரும்பவில்லை அல்லவா? விளையாட்டு மும்முரமாகத்தான் இருக்கும். இருந்தாலும் விளையாடாத நேரத்தில், முகம் தெரியாமல் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும்.

திரும்பவில்லை என்றால் 'காது கேட்கவில்லை' என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள், அது டாக்டர் சொல்ல வேண்டியது. நீங்கள் எழுதி வைத்ததைத் தேதியோடு படித்துக் காட்டுங்கள். அப்பாவையோ பாட்டியையோ கூட வைத்துக்கொண்டு, பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது. 2013-லிருந்து நடக்கும் ஆர்பிஎஸ்கே என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரும். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்றால் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பரிசோதித்து உதவும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கே நேராக அனுப்பலாம், இலவசம்தான். போகும்போது உங்கள் நோட்டின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். புது இடத்தில் பிள்ளை அழுதுகொண்டே இருந்தால், டாக்டருக்கு அந்தத் தாள்தான் உதவும்.