உரைவழி ஆட்டப் போட்டியில் ஒரே நொடியில் இருவர் கட்டளையிட்டால் விளக்கு யாருக்கு?

அரசலாறு (கும்பகோணம்)

வணக்கம். தமிழில் கட்டளையிட்டு ஆடும் சிறிய மட் (பலர் இணையம் வழியே ஒரே உலகில் சேர்ந்து ஆடும் எழுத்து ஆட்டம்) ஒன்றை மூன்று ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். படமும் ஒலியும் கிடையாது. "வடக்கே போ", "விளக்கை எடு" என்று தட்டினால் எழுத்திலேயே பதில் வரும். டிக்கு என்ற பழைய மட் நிரலின் மரபில் வந்த மெர்க் என்ற மூலநிரலை எடுத்துத் தமிழுக்கு ஏற்றவாறு திருத்தியிருக்கிறேன். வழக்கமாக வருகிறவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் டெல்டாவிலேயே இருப்பவர்கள், மற்றவர்கள் இங்கிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போனவர்கள்.

காணும் பொங்கலன்று இரவு 8 மணிக்கு ஒரு போட்டி வைத்தேன். பாழடைந்த கோட்டைக்குள் ஒளித்து வைத்த பன்னிரண்டு விளக்குகளைத் தேடி எடுப்பது முதல் பகுதி. அதிக விளக்கு எடுத்த எட்டுப் பேர் களத்தில் இறங்கிச் சண்டையிட, கடைசியில் நிற்பவர் வெல்வது இரண்டாம் பகுதி. வென்றவர் பெயரைக் கோட்டை வாசல் கல்லில் பொறிப்பேன் என்பதைத் தவிர வேறு பரிசு இல்லை. அந்த ஒரு வரிக்காக இவ்வளவு மனவருத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கடைசி விளக்கு இருந்த அறையில் இருவர் நின்றிருந்தார்கள். சர்வரின் பதிவேடான லாக்கில் இருவருடைய "விளக்கை எடு" கட்டளையும் 8:47:12 என்ற ஒரே நொடியில் பதிவாகியிருக்கிறது. விளக்கு சிங்கப்பூர் நண்பருக்குப் போனது. களத்திலும் அவரே வென்றார். அவர் தானாகக் கட்டளை அனுப்பும் டிரிக்கர் வைத்திருந்தார் என்று மறுநாள் புகார் கிளம்பியது. தலைஞாயிறு நண்பருக்குச் சண்டையின் நடுவே மின்சாரம் போய், அவருடைய பாத்திரம் ஓடவும் மருந்து குடிக்கவும் ஆளின்றி அடிவாங்கி விழுந்தது. மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த ஆயுதங்களோடு வந்தவர்கள் முன்னால் தாங்கள் எப்படி நிற்பது என்று புதியவர்கள் கேட்டார்கள். எல்லாரும் நெருக்கியதில் நான் முடிவை ரத்து செய்து, கல்லில் பொறித்த பெயரை அழித்தேன். வென்றவர் அன்றிலிருந்து உள்ளே வருவதில்லை.

இவற்றில் எது என் பொறுப்பு, எது அவரவர் அதிர்ஷ்டம் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாறு (மன்னார்குடி)

விளக்கு விஷயத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்கான பதில் உங்கள் மூலநிரலிலேயே இருக்கிறது.

மெர்க்கில் சர்வர் ஒரு நொடியை நான்கு துடிப்புகளாகப் பகுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இணைப்புப் பட்டியலைத் தலையிலிருந்து கடைசிவரை ஒரு சுற்று வந்து, ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கட்டளையை வாங்கி நிறைவேற்றுகிறது. அந்தக் கால் நொடிக்குள் யாருடைய கட்டளை முதலில் வந்து சேர்ந்தது என்பதை அது பார்ப்பதே இல்லை. பட்டியலில் யார் முன்னால் நிற்கிறார் என்பதுதான் அதற்குக் கணக்கு. புதிதாக வருகிற இணைப்பையோ நிரல் பட்டியலின் தலையில்தான் செருகுகிறது. ஆகவே ஏழரை மணிக்கே வந்து காத்திருந்தவர் பின்னுக்குத் தள்ளப்பட, 7:59-க்கு நுழைந்தவர் முன்னால் நிற்கிறார். கல்யாண வீட்டில் கடைசியாக வந்தவரை முதல் பந்தியில் உட்கார வைப்பது போன்ற ஏற்பாடு இது. எழுதியவர்கள் யாரும் இப்படி ஒரு விதியை யோசித்து வைக்கவில்லை. சங்கிலிப் பட்டியலில் தலையில் சேர்ப்பது நிரலாளருக்கு எளிது, அவ்வளவுதான். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் நிரலில் இருப்பதெல்லாம் விதிதான், அறிவிப்பில் அது இல்லாவிட்டாலும்.

களத்திலும் இதே கதை. மூன்று நொடிக்கு ஒருமுறை அடி விழும்போது நிரல் பாத்திரப் பட்டியலைத் தலையிலிருந்து படிக்கிறது. இருவருக்கும் உயிர் ஓரடிக்குத்தான் மிச்சம் என்றால், பட்டியலில் முன்னால் இருப்பவர் அடித்துவிடுவார், மற்றவருக்கு முறையே வராது. ஒரு நுணுக்கம்: இணைப்பு அறுந்து மீண்டும் இணைந்தால் இணைப்புப் பட்டியலில்தான் தலைக்கு வருவீர்கள், பாத்திரம் பழைய இடத்திலேயே இருக்கும். முழுதாக வெளியேறி நுழைந்தால்தான் இரண்டிலும் முன்னால் வரலாம். விஷயம் தெரிந்த ஒருவர் போட்டிக்கு ஒரு நிமிடம் முன்பு வெளியேறி நுழைந்தால், லாக்கில் அது குற்றமாகவே தெரியாது.

மாற்று வழிகள் இரண்டு உண்டு. ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்திலும் பட்டியலைக் குலுக்கிப் போடுவது எளிய வழி. அந்தத் துடிப்பில் வந்த எல்லாக் கட்டளைகளையும் சேர்த்து வைத்து ஒரே நேரத்தில் தீர்ப்பது கடினமான வழி. அதில் இருவரும் ஒருசேர விழலாம், அதைச் சமன் என்று அறிவிக்க நீங்கள் தயாராக இருக்க வேண்டும். விளக்கைப் பொறுத்தவரை இரண்டும் தேவையில்லை என்பேன். கண்டுபிடித்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கிடைக்கும்படி செய்துவிட்டால், தேடும் திறமைதான் அளக்கப்படும். கைவேகம் உள்ளே வராது.

இன்னொன்று, கேட்கப்படாதது என்றாலும் சொல்லிவிடுகிறேன். "போ" என்பதை யுனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம்: ப-வும் ஓகாரக் குறியும் சேர்ந்து இரண்டு குறியீடுகளாக, அல்லது ப, ஏகாரக் குறி, கால் என்று மூன்றாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, நிரலுக்கு வேறு வேறு. உள்ளீட்டை ஒரே வடிவுக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால், ஒருசில விசைப்பலகைக்காரர்களுக்கு மட்டும் "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்று வரும். அவர்கள் தங்கள் விரலையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கடுவையாறு (சிங்கப்பூர், சொந்த ஊர் நாகப்பட்டினம்)

பெயர் பொறிக்கப்பட்டு அழிக்கப்பட்டவன் நான்தான்.

உங்களுக்கு இரவு 8 மணி என்றால் இங்கே 10:30. வேலை முடிந்து அறைக்கு வந்து, குளிக்காமல் கூட உட்கார்ந்து, கடைசி நிமிடத்தில்தான் நுழைந்தேன். வெண்ணாறு எழுதியதைப் படித்த பிறகு, அந்த விளக்கு எனக்குக் கிடைத்தது அந்தத் தாமதத்தால்தான் என்று தெரிகிறது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

டிரிக்கரையும் மறைக்கவில்லை. "விளக்கு ஒன்று மின்னுகிறது" என்ற வரி திரையில் வந்தால் "விளக்கை எடு" என்று அனுப்பும்படி மட் ஆட நான் பயன்படுத்தும் மட்லெட் செயலியில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். போட்டி அறிவிப்பை மூன்று முறை படித்தேன். டிரிக்கர் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. அறிவிக்காத விதியைப் போட்டி முடிந்த பிறகு எழுதி, அதன்படி ஒருவன் பெயரை அழிப்பதை நான் நியாயம் என்று ஏற்க மாட்டேன். அடுத்த போட்டிக்குத் தடை போடுங்கள், கட்டுப்படுகிறேன்.

ஆனால் அந்தத் தடையை எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்று யோசித்தீர்களா? உங்கள் சர்வருக்கு வந்து சேர்வது வெறும் எழுத்து. அதை விரல் தட்டியதா, நிரல் அனுப்பியதா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பதில் வரும் வேகத்தை அளக்கலாம் என்பார்கள். டிரிக்கரில் சிறிது தாமதத்தைச் சேர்த்தால் அதுவும் போயிற்று. கடைசியில் தடைக்குக் கட்டுப்படுகிற நாணயமானவர்கள் மட்டும் மெதுவாக ஆடுவார்கள்.

எனக்குத் தோன்றுவது இது. நேரத்தை அளக்காதீர்கள், கட்டளைகளை எண்ணுங்கள். ஒவ்வொருவருக்கும் இருநூறு கட்டளை, அதற்குள் எத்தனை விளக்கு என்று வைத்தால், என் வேகமான இணைப்புக்கும் மதிப்பில்லை, டிரிக்கருக்கும் பெரிதாக மதிப்பில்லை. வழியை யோசித்து நடப்பவரே முன்னுக்கு வருவார்.

கடைமடை (தலைஞாயிறு)

மின்சாரம் போனவன் நான். எனக்காகப் போட்டியை ரத்து செய்ததாக யாரும் சொல்ல வேண்டாம். நான் அப்படிக் கேட்கவில்லை. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் பக்கம் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அதற்காக உலகம் காத்திருக்க வேண்டும் என்று அப்போதும் கேட்டதில்லை.

இணைப்பு அறுந்தவருக்குப் பாதுகாப்பு கொடுக்க வேண்டும் என்று சிலர் தனிச்செய்தியில் எழுதினார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இணைப்பு அறுந்தால் அடி விழாது என்று விதி வைத்தால், தோற்கும் நிலையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் அந்த நொடியிலேயே மின்சாரம் போகும்.

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்கிறார்கள்? தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்து, யார் வயலில் முதலில் ஏறுகிறது என்று பார்ப்பதில்லை. முறை வைத்து விடுகிறார்கள். காவிரிக்கு இத்தனை நாள், வெண்ணாற்றுக்கு இத்தனை நாள் என்று. நண்பர் வெண்ணாறு இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். உங்கள் போட்டியும் ஒரே இரவில் இரண்டு மணி நேரம் என்று இல்லாமல், வெள்ளி முதல் ஞாயிறு வரை திறந்திருக்கட்டும். அவரவர் தங்களுக்கு வசதியான நேரத்தில் வந்து ஆடட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முதலில் ஆடியவர் விளக்கு இருக்கும் இடத்தை அடுத்தவரிடம் சொல்லிவிடலாம். ஆளுக்கொரு கோட்டையை நிரலே வரைந்து கொடுத்தாலோ, ஒருவருக்கு எளிதானதும் மற்றவருக்குக் கடினமானதும் அமையும். டூப்ளிகேட் பிரிட்ஜ் ஆடுகிறவர்கள் சீட்டு அதிர்ஷ்டத்தை விலக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஒரே சீட்டுக் கட்டமைப்பைப் பல மேசைகளில் ஆடவைத்து, அதே சீட்டு கிடைத்தவர்களோடு மட்டும் ஒப்பிடுவார்கள். அதுபோலப் பத்துக் கோட்டைகள் செய்து, ஒவ்வொருவருக்கும் குலுக்கலில் மூன்றைக் கொடுங்கள். அந்தக் கோட்டையில் ஆடிய மற்றவர்களைவிட எத்தனை விளக்கு கூடுதலாக எடுத்தார் என்பதே மதிப்பெண்ணாக இருக்கட்டும். நாற்பது பேர் என்றால் ஒரு கோட்டைக்குப் பன்னிரண்டு பேர் கிடைப்பார்கள், ஒப்பிட அது போதும். பேசிவைத்துக்கொள்வது அறவே நிற்காது, ஆனால் யாருக்கு எந்தக் கோட்டை விழும் என்று தெரியாதபோது சொல்லிப் பயனில்லை.

வெட்டாறு (திருவாரூர்)

ஆயுத விஷயத்தை யாரும் தொடவில்லையே. சுருக்கமாகச் சொல்கிறேன்.

நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாட்டையும் பூஞ்சிட்டையும் ஒரே கோட்டில் நிறுத்துவதில்லை. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்து, ஓடும் தொலைவையும் பிரிவுக்குப் பிரிவு மாற்றுகிறார்கள். களச் சண்டைக்கும் அதுவே சரி. எல்லாருக்கும் ஒரே வாளைக் கொடுப்பது இன்னொரு வழி, ஆனால் அதை நான் விரும்பவில்லை. மூன்று ஆண்டு உழைத்துச் சேர்த்ததை வாசலிலேயே கழற்றி வைக்கச் சொன்னால், உழைத்தவர் என்ன நினைப்பார்?

பிரிப்பதற்குப் பாத்திரத்தின் நிலை எண்ணை (லெவல்) நம்ப வேண்டாம். சதுரங்கத்தில் இருப்பது போல, வெற்றி தோல்விக்கேற்ப ஏறி இறங்கும் எலோ மதிப்பீடு வைத்துக்கொள்ளுங்கள். 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் சராசரியாக நான்கில் மூன்று ஆட்டம் வெல்வார், 400 கூடுதல் என்றால் ஏறக்குறைய பதினொன்றில் பத்து. 400-க்கு மேல் இடைவெளி உள்ளவர்களை மோதவிடுவது இருவருக்கும் அலுப்பு. எட்டுப் பேருக்கு நாக்-அவுட் வேண்டாம். தோற்றவரும் வெளியேறாமல், ஏறக்குறைய தன்னளவு வென்றவரோடு அடுத்து மோதும் சுவிஸ் முறையில் மூன்று சுற்று வையுங்கள். முதல் சுற்றில் மின்சாரம் போனவருக்கு இன்னும் இரண்டு ஆட்டம் மிச்சம் இருக்கும்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முதல் மட் ஆட்டத்தை ராய் டிரப்ஷாவோடு சேர்ந்து உருவாக்கிய ரிச்சர்ட் பார்ட்டில், 1996-இல் ஆட்டக்காரர்களைச் சாதிப்பவர், தேடித் திரிபவர், பழகுபவர், கொல்பவர் என்று நான்கு வகையாகப் பிரித்து எழுதினார். உங்கள் போட்டியில் தேடித் திரிகிறவர் விளக்குகளை எல்லாம் கண்டுபிடித்தாலும், கடைசியில் கொல்பவரிடம் அடிவாங்கித்தான் வெளியே போக வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஏன் ஒரே பட்டத்துக்குக் கட்டினீர்கள்?

அரசலாறு (கும்பகோணம்)

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. களம் இருந்தால் கூட்டம் சேரும் என்று நினைத்தேன், அவ்வளவே. இனி விளக்குத் தேடலும் களமும் தனித்தனிப் போட்டிகள், தனித்தனிக் கற்கள்.

நேற்று இரவு நிரலைத் திறந்து பார்த்தேன். வெண்ணாறு சொன்ன இடத்தில், அவர் சொன்ன மாதிரியே, புதிய இணைப்பைத் தலையில் செருகும் இரண்டு வரிகள் இருந்தன. மூன்று ஆண்டுகளாக அந்தப் பக்கத்தைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். துடிப்புக்குத் துடிப்பு பட்டியலைக் குலுக்கும்படி மாற்றிவிட்டேன். "போ" சிக்கலும் உண்மைதான். என் மனைவியின் கைப்பேசியிலிருந்து சோதித்தபோதே மாட்டியது.

கடுவையாறு, பிழை என்னுடையது. உங்கள் பெயரைக் கல்லில் மீண்டும் பொறித்துவிட்டேன். அடுத்த விளக்குப் போட்டி மூன்று நாள், பத்துக் கோட்டை, ஆளுக்கு மூன்று, கோட்டைக்கு இருநூறு கட்டளை. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம்: தவறாகத் தட்டி "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்று வந்தால், அதையும் இருநூற்றில் கழிக்கலாமா?

கடைமடை (தலைஞாயிறு)

கழிக்க வேண்டாம். பாதிப் பேர் கைப்பேசியில், அதுவும் தமிழில் தட்டுகிறோம். ஆனால் சுவரில் போய் முட்டிக்கொள்கிற கட்டளையைக் கழித்துவிடுங்கள்.

கடுவையாறு (சிங்கப்பூர், சொந்த ஊர் நாகப்பட்டினம்)

பார்த்தேன், நன்றி. கல்லில் "கடுவையாறு" என்பதில் வல்லின றகரம் போடாமல் இடையின ரகரம் போட்டிருக்கிறீர்கள். அதையும் திருத்திவிடுங்கள்.