சர்வதேச உறவுகள் எம்.ஏ. படித்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணா, அக்கா எல்லோருக்கும். நான் குமுளி, ஏலத்தோட்டக் குடும்பம், பி.ஏ. அரசியல் அறிவியல் கடைசி வருடம். அடுத்து சர்வதேச உறவுகள் படித்து, உலகச் சுற்றுச்சூழல் அரசியல் பக்கம் போக ஆசை.

1886-ல் திருவிதாங்கூரும் பிரிட்டிஷ் அரசும் போட்ட 999 வருட முல்லைப்பெரியாறு குத்தகையை வைத்து இன்றைக்கும் இரண்டு மாநிலங்கள் மல்லுக்கட்டுகின்றன; மேற்குத்தொடர்ச்சி மலை 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது, மறு வருடமே மலையின் ஒரு பகுதியில் கட்டுப்பாடுகள் கொண்டுவரச் சொன்ன கஸ்தூரிரங்கன் அறிக்கையை எதிர்த்து எங்கள் இடுக்கியில் ஹர்த்தால். காட்டைக் காக்கும் முடிவை எங்கோ எடுக்கிறார்கள், அதன் சுமை தோட்டக்காரர் தலையில் விழுகிறது, இதைத்தான் நான் ஒழுங்காகப் படிக்க வேண்டும். ஓசோனுக்கு 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் பலித்தது, புவி வெப்பமாதலைக் குறைக்கப் போட்ட 1997 கியோட்டோ ஒப்பந்தத்தில் அமெரிக்கா கையெழுத்துப் போட்டும் அதை உறுதிசெய்யவே இல்லை, ஏன் அப்படி?

சரி, கேள்விக்கு வருகிறேன். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் வீட்டுக்குப் பக்கம். டெல்லி ஜேஎன்யூ (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) என்றால் நுழைவுத்தேர்வு, செலவு, தூரம். இரண்டில் எங்கே சுற்றுச்சூழல் அரசியலை நன்றாக நடத்துகிறார்கள்? அப்பா வேலை பற்றித்தான் கேட்கிறார், படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். பழைய நோட்ஸ் இருந்தால் தாருங்கள், தமிழோ மலையாளமோ, வாசிப்பேன்.