லிப்போசக்‌ஷனுக்கு மரத்துப்போகும் ஊசியா, முழு மயக்கமா?

செந்தூல்வாசி:
வயிறும் இடுப்பின் இரு பக்கமும். எடை 60 கிலோ, எடுக்கப்போகும் கொழுப்பு சுமார் 2 லிட்டர். பங்சார் கிளினிக்கில் ஊசியால் மரத்துப்போக வைத்து அன்றே வீட்டுக்கு அனுப்புவார்களாம். தனியார் மருத்துவமனையிலோ முழு மயக்கம் என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

கத்திமுனை:
இந்த அளவுக்கு மரத்துப்போக வைக்கும் அந்த ஊசியே (ட்யூமசென்ட் முறை) போதும், கணக்கு சரியாக இருந்தால். ஒரு லிட்டர் சலைனில் மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன் 500 முதல் 1000 மில்லிகிராம், ரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலின் 1 மில்லிகிராம், கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் கலந்து கொழுப்புக்குள் மெதுவாக ஏற்றுவார்கள். ரத்தக் குழாய் சுருங்க 20, 30 நிமிடம் விட வேண்டும். அவசரப்பட்டால் வலியும் கசிவும் கூடும். லிடோகெய்னுக்குப் பலர் வைக்கும் வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 35 மில்லிகிராம், அதாவது உங்களுக்கு 2100. 1000 கலவை என்றால் 2 லிட்டரிலேயே வரம்பு முட்டிவிடும். 500 என்றால் 4 லிட்டர் வரை போகலாம். எந்தக் கலவை, எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடம் வேண்டாம்.

தாதி பினாங்கு:
அக்கா, அன்றே வீட்டுக்குப் போவதில் ஒரு சங்கதி. இந்த முறையில் லிடோகெய்ன் ரத்தத்தில் உச்சத்துக்குப் போக 8 முதல் 14 மணி நேரம் ஆகும். காலையில் செய்தால் இரவில், வீட்டில்! உதட்டைச் சுற்றிக் கூச்சம், நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், குழறும் பேச்சு இருந்தால் லிடோகெய்ன் அளவு மீறியிருக்கலாம்: உடனே 999. அந்த இரவு தனியாக இருக்கவே கூடாது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் லிடோகெய்ன் உடைவதைத் தாமதப்படுத்தும், அதனால் சாப்பிடும் மருந்தெல்லாம் முன்பே சொல்லிவிடுங்கள். லிடோகெய்ன் நஞ்சாகி வலிப்பு வந்தால் கொடுக்க 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் (நரம்பில் ஏற்றும் கொழுப்புக் கரைசல்) கிளினிக்கில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கத்திமுனை:
முழு மயக்கத்திலும் இதே கரைசல் உள்ளே போகும், ஆனால் மயங்கியவர் உதடு கூசுகிறது என்று சொல்ல முடியாது. அதனால் லிடோகெய்னைக் குறைத்தே வைக்க வேண்டும். பல பகுதிகள், 5 லிட்டருக்கு மேல் என்றால் முழு மயக்கமும் ஓர் இரவு கண்காணிப்பும் சரி. முதுகுத்தண்டு ஊசி மேல்வயிற்றுக்கு எட்ட வேண்டுமென்றால் உயரமாகப் போக வேண்டும், ரத்த அழுத்தம் விழும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊசியோடு மிடாசோலம், ஃபென்டனில் கொடுத்துத் தூங்க வைப்பதாகச் சொன்னால், மூச்சைக் கவனிக்கத் தனி மயக்க மருந்து நிபுணர் கட்டாயம். கொழுப்பை உறிஞ்சும் மருத்துவரே அதையும் பார்ப்பார் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

செந்தூல்வாசி:
வாரம் ஒருமுறை செமாகுளுடைட் ஊசி (சர்க்கரைக்கும் எடை குறைக்கவும் கொடுப்பது) போடுகிறேன். அதையும் சொல்ல வேண்டுமா?

தாதி பினாங்கு:
கட்டாயம், தேதி குறிக்கும்போதே! இரைப்பை மெதுவாகக் காலியாகும். வழக்கமான 6 மணி நேரப் பட்டினிக்குப் பிறகும் உணவு தங்கியிருந்து, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகலாம். எப்போது நிறுத்துவது என்பதை மயக்க மருந்து நிபுணரே சொல்லட்டும்.